நொடியும் கணக்கும்: மறைத்துக் கேட்டலின் சமூக அடிப்படை குறித்துச் சில கருத்துகள்

தொல்காப்பியச் செய்யுளியல், அடிவரையறை இல்லாதவற்றைத் தொகுத்துக் கூறுமிடத்து, நூல், உரை, முதுமொழி முதலியவற்றோடு பிசியையும் சேர்த்து எண்ணுகின்றது. ஒப்புமையைக் கொண்டு அமைவது, தோன்றுவதைச் சொல்லி அதன்வழித் துணியவைப்பது எனப் பிசி இருவகைப்படும் என்பதும் அந்நூலின் கருத்து. அங்கே பிசி என்ற சொல்லுக்கு அடையாக வந்து நிற்பது 'நொடி'. தமிழகத்தில் விடுகதை என்று பெரிதும் வழங்குவதை யாழ்ப்பாணத்து முதியோர் நொடி என்றே சொல்லக் கேட்டிருக்கிறோம். பண்டை இலக்கணகாரர் ஏட்டில் எழுதிய ஒரு சொல்லை ஏடு தொட்டறியாத கிழவியர் வாயில் வைத்துக் காத்தனர் என்பது மொழி வரலாற்றாசிரியர் கவனிக்கவேண்டிய செய்தி. நமது அக்கறை வேறு. இத்தனை தொன்மையான ஒரு வடிவத்தை நாம் எவ்வாறு வாசித்து வந்திருக்கிறோம் என்பதே இக்கட்டுரையின் வினா.

விடுகதைத் தொகுப்பு எதனையும் விரித்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தென்படும். வினாக்கள் வரிசையாக இலக்கமிடப்பட்டிருக்கும். விடைகள் எதிரே, அல்லது நூலின் கடைசிப் பக்கங்களிலே அச்சிடப்பட்டிருக்கும். யார் கேட்டார், யாரிடம் கேட்டார், எப்பொழுது, விடை தெரியாதவர் என்ன செய்தார், சொன்ன விடை மறுக்கப்பட்டதா என்பன பற்றி ஒரு சொல்லும் இராது. நாட்டார் பாடல்களைத் தொகுத்தோர், தாலாட்டுத் தாயினது என்றும் ஏர்ப்பாட்டு உழவனது என்றும் குறித்து வைக்கும் அளவுக்கேனும் கவனம் செலுத்தினர். நொடிக்கு அந்தப் பேறும் கிட்டவில்லை. சிறுவர் பொழுதுபோக்கு என்ற ஒரு தலைப்பின்கீழ் அது முடங்கிப்போயிற்று.

இக்குறைபாட்டுக்கு மார்க்சிய நோக்கினரான நாமும் பொறுப்பேற்கவேண்டும். காள் பியூச்சர் 1896இல் உழைப்பையும் இசையொழுங்கையும் இணைத்து எழுதியதும், அதனை ஜோர்ஜ் தொம்சன் கவிதையின் தோற்றத்துக்கு விரித்ததும், தொம்சனிடம் பேர்மிங்ஹாமிற் பயின்ற கைலாசபதியும் சிவத்தம்பியும் அந்நெறியைத் தமிழாய்வுக்குக் கொணர்ந்ததும் நாம் அறிந்தவை. அவ்வழியில் வந்த நாம் பாட்டையும் கூத்தையும் நோக்கினோம். உழைப்பின் தாளம் பாட்டிலே கேட்கும், நொடியிலே கேட்காது. நொடி உழைப்பு நின்ற பிறகு, இரவுச் சாப்பாட்டுக்கும் உறக்கத்துக்கும் இடையில், முற்றத்திலே பிறப்பது. ஆகவே அது நம் சட்டகத்துக்குள் எளிதில் அடங்கவில்லை. அடங்காததை ஓரத்தில் விட்டுவிட்டோம்.

மறுபுறத்தில், அமைப்பியலாளர் நொடியை மிகுந்த நுட்பத்தோடு ஆராய்ந்துள்ளனர். ஆச்சர் ரெய்லர் ஆங்கில வாய்மொழி விடுகதைகளை 1951இல் பெருந்தொகுதியாக வெளியிட்டார். ரொபேட் ஜோர்ஜஸ், அலன் டண்டெஸ் ஆகிய இருவரும் 1963இல் விடுகதைக்கு அமைப்புவழி வரைவிலக்கணம் ஒன்றை முன்வைத்தனர். ஒன்றோ பலவோ ஆகிய வருணனைக் கூறுகளைக் கொண்டு, அவை சுட்டும் பொருளைக் கண்டறியக் கேட்பதே விடுகதை. அக்கூறுகள் ஒன்றோடொன்று முரணலாம், முரணாமலும் இருக்கலாம் என்பது அவர்தம் முடிபு. இது பயனுள்ள கருவி. ஆனால் முரண் எங்கிருந்து வருகின்றது என்று இக்கருவி கேட்பதில்லை. முரண் மொழிக்குள்ளேயே பிறந்து மொழிக்குள்ளேயே தீர்ந்துவிடுவதாக அது கொள்கின்றது. நாம் உடன்படாத இடம் இதுவே.

நொடியில் மறைக்கப்படுவது எது? முட்டை, தேங்காய், வெங்காயம், நிழல், ஊசியும் நூலும், வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும். முட்டையை இரு நிற நெய் கலவாமல் இருக்கும் ஒரு கலமாகவும், தேங்காயை மேகமும் பெய்யாத கிணறும் ஊறாத நீரைத் தாங்கிய குடமாகவும் சொல்வர். விடையாக வரும் பொருள் கேட்பவர் வீட்டிலும் உண்டு, சொல்பவர் வீட்டிலும் உண்டு. விடை தெரிந்தவுடன் புதிதாக ஒரு பொருளை நாம் அறிந்துகொள்வதில்லை. நாள்தோறும் கையாண்ட பொருளை முதன்முறையாகக் காண்கிறோம். அரிஸ்ரோட்டில் நல்ல விடுகதையிலிருந்து நல்ல உருவகத்தை எடுக்கலாம் என்று கருதியதன் உண்மை இது. தொல்காப்பிய உரைகாரர் பிசிக்குக் காட்டும் எடுத்துக்காட்டொன்றில் யானை, பிறையைக் கவ்விக்கொண்டு நடக்கும் மலையாகின்றது. யானையைக் கண்டிராதவனுக்கு இந்தப் பிசியில் ஒன்றுமில்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரு பொருளுலகு இருந்தாலன்றி நொடி இயங்காது.

நொடியின் அவையில் அறிவு தனியுடைமையாக நிலைப்பதில்லை. விடை தெரிந்தவர் அதை மறைத்து வைத்திருப்பது சிறிது நேரம்தான். தோல்வியை ஒப்புக்கொண்டவருக்கு அதைச் சொல்லியே ஆகவேண்டும். சொன்ன கணத்திலிருந்து அது தோற்றவருக்கும் உரியது. நாளை அவர் வேறொருவரிடம் அதே நொடியை விடுப்பார். பேரப்பிள்ளை பாட்டனை மடக்கலாம். வீட்டிலே வாய் திறவாத மருமகள் மாமியை மடக்கலாம். ஹுயிசிங்கா 1938இல் எழுதிய நூலில் விடுகதையை உயிரைப் பணயம் வைக்கும் போட்டியாகக் காண்கிறார். ஸ்பிங்ஸ் கேட்ட புதிரும், சிங்கத்தின் உடலிலிருந்து தேனெடுத்த சிம்சோன் முப்பது ஆடைகளைப் பந்தயம் வைத்துக் கேட்ட புதிரும் அவ்வகையின. ஆனால் சிம்சோனின் புதிரை உற்றுநோக்குக. தான் மட்டும் தனியே கண்டதை அவன் கேட்கிறான். ஊரார் எவரும் எக்காலத்திலும் விடை காண இயலாது. அது நொடியின் அறத்தை மீறியது. அப்புதிர் கொலையில் முடிந்ததில் வியப்பில்லை.

இதனாலே நொடியை மக்கள் கலையின் தூய வடிவமென்று போற்றத் தொடங்குவதும் பொருந்தாது. சாதிப் பெயர்களை ஏளனமாகக் கையாளும் நொடிகளும் உள. கேட்கும்போது ஆபாசமாக ஒலித்து, உரலும் உலக்கையும் போன்ற மாசற்ற விடையால் கேட்டவரையே நாணச் செய்யும் நொடிகளும் உள. பின்னையவற்றை அச்சேற்றத் தொகுப்பாளர் பலர் கூசினர். அந்தக் கூச்சம் கிராமத்துக்குரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மத்தியதர வர்க்கத்து ஒழுக்கவியல் நமக்கு விட்டுச்சென்றது.

இனி, மறைத்துக் கேட்டல் முற்றத்திலிருந்து திண்ணைக்கு ஏறும்போது நிகழும் மாற்றத்தை நோக்குவோம். திண்ணைப் பள்ளிக்கூடத்து மாணவன் எண்சுவடியை மனனஞ்செய்தான். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. நான்கு முந்திரி ஒரு காணி, அதாவது 80இல் ஒரு பங்கு. நான்கு காணி ஒரு மா, 20இல் ஒரு பங்கு. முந்திரியின் பாதியான கீழரை 640இல் ஒரு பங்கு. இத்துணைச் சிறிய பின்னங்கள் எவருக்குத் தேவைப்பட்டன? விளைந்த நெல்லை மேல்வாரம் குடிவாரம் என்று பகிர்வோருக்கும், அப்பகிர்வை எழுதிவைத்த கணக்கருக்கும் தேவைப்பட்டன. காணி என்ற சொல் பின்னத்தின் பெயராகவும் நிலவுரிமையின் பெயராகவும் ஒருங்கே வழங்கியது தற்செயலன்று. இன்றும் நம்மிடையே காணி என்றால் நிலமே. பின்னம் மறைந்துவிட்டது, உடைமை மறையவில்லை.

காளமேகம் இப்பின்னங்களைக் கொண்டு ஒரு வெண்பாப் பாடினார். முக்காலில் தொடங்கி அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா எனப் படிப்படியாக இறங்கிக் கீழரையில் முடிகின்றது அந்தச் செய்யுள். ஆனால் செவியில் விழுவது பின்னமே ஆயினும் பொருள் மூப்பும் சாவும். முக்கால் ஊன்றுகோலோடு கூடிய மூன்று கால்கள், அரை என ஒலிப்பது நரை, கால் காலனின் ஆட்களைக் காட்டும், இருமா இருமலாகும், மாகாணி சுடுகாடாகும், ஒருமா காஞ்சியிலே ஏகம்பன் வீற்றிருக்கும் ஒற்றை மாமரம். சாவதற்கு முன் அவனை வணங்கு என்பது கருத்து. சிலேடைப் பாடல்களை வெறும் சொற்சிலம்பம் என்று ஒதுக்கிவிடும் நம்மவர் சிலரோடு நாம் இங்கு ஒத்துப்போக மாட்டோம். இப்பாடல் நல்ல பாடல். வாழ்நாள் பின்னமாகக் குறைந்து குறைந்து 640இல் ஒரு பங்காக ஒடுங்குவது, நிலையாமை பற்றிய நூறு அறிவுரைகளிலும் கூர்மையானது.

எனினும் இதனை யார் கேட்டுச் சுவைத்திருப்பர் என்ற வினா எஞ்சுகிறது. இருமாவுக்கு அடுத்து மாகாணி, அதற்குக் கீழே ஒருமா என்ற இறங்குவரிசையை வாய்ப்பாடாக அறிந்தவனுக்கே இதன் மறைபொருள் திறக்கும். வயலிலே அறுவடை செய்தவள் நரையையும் இருமலையும் சுடுகாட்டையும் நன்கறிவாள். பாட்டின் பொருள் முழுவதும் அவளுடையது. பாட்டின் புதிர் அவளுடையதன்று. மறைத்துக் கேட்டல் இப்பொழுது ஒரு கல்வியை முன்னிபந்தனையாகக் கொள்கின்றது.

காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது. அதன் காலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. அதன் உலகு பற்றி வேறுபாட்டுக்கு இடமில்லை. நிலம், பொன், நெல், காலம் ஆகியவற்றை அளப்பவரின் உலகு அது. 360 நெல் கொண்டது ஒரு செவிடு. ஐந்து செவிடு ஆழாக்கு. பின் இரட்டித்து இரட்டித்து உழக்கு, உரி, நாழி. ஆகவே ஒரு நாழிக்கு 14,400 நெல். 96 நாழி கொண்ட கலத்துக்கு 13,82,400 நெல். எவரும் நெல்லை இவ்வாறு எண்ணியிரார். எனினும், ஒவ்வொரு நெல்லும் எண்ணப்படத்தக்கது என்ற எண்ணத்துக்கு ஒரு சமூகத் தேவை இருந்தது. பலாப்பழத்தை வெட்டாமலே அதன் சுளைகளை அறியும் வழியொன்றும் அந்நூலில் உண்டு: காம்பருகே உள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுக்கவேண்டும். இவ்வாய்பாடு மரத்துக்கு மரம் பொய்க்கலாம் என்பதைப் பலாப்பழம் வெட்டிய எவரும் சொல்வர். பழத்தைத் தின்பவனுக்கு வெட்டினாலே எண்ணிக்கை தெரிந்துவிடும். வெட்டுமுன் தெரியவேண்டியவன் விலை பேசுபவன், அல்லது பங்கு கேட்டு வருபவன்.

அந்நூலிலேயே வரும் இன்னொரு கணக்கு நம்மவர்க்கு நெருக்கமானது. 32 முழ உயரமுள்ள பனையில் ஓர் ஓந்தி நாள்தோறும் ஒரு சாண் ஏறி நான்கு விரல் சறுக்குகின்றது. எத்தனை நாளில் உச்சியை அடையும்? முழத்துக்கு 24 விரல், சாணுக்கு 12 விரல். பனை 768 விரல். நாளொன்றுக்கு எஞ்சுவது எட்டு விரல். விடை 96 நாள். நம் வகுப்பிலே இக்கணக்கை ஒருமுறை கேட்டோம். தனியார் வகுப்புகளிற் பழகிய மாணவர் இருவர் கணமும் தாமதியாது "95" என்றனர். இத்தகைய கணக்குகளிலே கடைசி நாளிற் சறுக்கல் இல்லை, ஆகவே வகுத்து வருவதில் ஒன்றைக் குறைக்கவேண்டும் என்பது அவர்கள் கற்ற தந்திரம். பொறுமையாகப் பார்த்தால், 95ஆம் நாட் காலையில் ஓந்தி 752ஆம் விரலில் நிற்கும். அன்று 764 வரையே ஏறிப் பின் 760க்குச் சறுக்கும். 96ஆம் நாள் மீதி எட்டு விரலை ஏறினாற் போதும். தந்திரம் அறியாமல் வகுத்தவனும் சரி, ஓந்தியோடு கூடவே ஏறிப் பார்த்தவனும் சரி, 96ஐயே அடைவர். தந்திரத்தை மட்டும் அறிந்தவனே தவறுகிறான். இக்கணக்கிலே பனை பனையாகவும் ஓந்தி ஓந்தியாகவும் இன்னும் இருக்கின்றன. அளவுகோல் மனிதனின் கைவிரல்.

தென்னிந்தியாவின் எண்களும் அளவைகளும் பற்றி து. செந்தில் பாபு 2022இல் வெளியிட்ட ஆய்வுநூல் திண்ணைக் கல்வியையும் அளப்போர் அளக்கப்படுவோர் உறவையும் கணித வரலாற்றின் மையத்துக்குக் கொணர்ந்துள்ளது. இலக்கிய மாணவர் அதனைக் கணிதக்காரர் நூலென்று தள்ளிவைத்துவிடலாகாது.

நவீன பாடசாலைக் கணக்குக்கு வரும்போது மறைவின் இயல்பே மாறிவிடுகின்றது. 'பத்துப் பேர் ஒரு கிணற்றை ஆறு நாளில் வெட்டினால் ஐந்து பேர் எத்தனை நாளில் வெட்டுவர்?' பன்னிரண்டு நாள் என்று எழுதிப் புள்ளி பெற்றவர்களே நாம் எல்லோரும். அதே முறைப்படி 600 பேர் அக்கிணற்றை ஒரு நாளின் பத்திலொரு பங்கில் வெட்டி முடிப்பர். அத்தனை பேரும் கிணற்றுக்குள் எங்கே நிற்பரென்று ஆசிரியரைக் கேட்டவன் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான். அவன் கேட்டதே சரியான கேள்வி. இக்கணக்கு இயங்க வேண்டுமானால், கல்லுடைப்பவனும் மண் சுமப்பவளும் கிழவனும் இளைஞனும் வேறுபாடற்ற அலகுகள் ஆகவேண்டும். மார்க்ஸ் 1867இல் மூலதனத்தின் முதல் அத்தியாயத்திலே விளக்கிய அருவ உழைப்பு, பத்து வயதுப் பிள்ளையின் கொப்பியில் வாய்பாடாக வந்து அமர்வது இவ்வாறே. அதே நூலின் கூட்டுழைப்பு அத்தியாயத்தில் அவர் வேறொரு கணக்கையும் போட்டுக் காட்டுகிறார். தனித்தனியே பன்னிரண்டு மணி நேரம் உழைக்கும் பன்னிரண்டு பேரின் 144 மணியும், ஒன்றுகூடி உழைக்கும் பன்னிரண்டு பேரின் 144 மணியும் சமமல்ல. பின்னையது மிகுதியாக ஆக்கும். அந்த மிகுதி எவரிடம் சேருகின்றது என்பதே அரசியற் பொருளாதாரத்தின் பெரும் புதிர். பாடசாலைக் கணக்கு அந்தப் புதிரை இல்லாமற் செய்துவிட்டுத் தன் சிறு புதிரைக் கேட்கின்றது.

பொழுதுபோக்குப் புதிர்களும் இதற்கு விலக்கல்ல. தந்தை விட்டுச்சென்ற 17 ஒட்டகங்களில் மூத்தவனுக்குப் பாதி, இரண்டாமவனுக்கு மூன்றிலொரு பங்கு, இளையவனுக்கு ஒன்பதிலொரு பங்கு. ஒட்டகம் நம்மவர் வாயில் யானையாகவும் மாடாகவும் மாறுவதுண்டு. அறிஞர் ஒருவர் தம் ஒட்டகத்தைச் சேர்த்துப் பதினெட்டாக்கி, ஒன்பதும் ஆறும் இரண்டுமாகப் பிரித்து, தம்முடையதைத் திரும்ப ஓட்டிச் செல்கிறார். அறிஞரின் மதிநுட்பத்தை வியக்கிறோம். மூன்று பங்குகளையும் கூட்டினால் 18இல் 17தான் வரும். சொத்தின் ஒரு பகுதியைத் தந்தை எவருக்கும் எழுதவில்லை என்பதை வியப்பிலே மறந்துவிடுகிறோம்.

மூன்று பிரயாணிகள் விடுதியறைக்கு முப்பது ரூபா கொடுத்த புதிர் இன்னும் சுவையானது. முதலாளி ஐந்து ரூபாவைத் திருப்பிக் கொடுத்தனுப்ப, வேலைக்காரப் பையன் இரண்டை ஒளித்துவிட்டு ஆளுக்கொன்றாகக் கொடுக்கிறான். ஆளுக்கு ஒன்பதாக இருபத்தேழு, பையனிடம் இரண்டு, மொத்தம் இருபத்தொன்பது. மீதி ஒரு ரூபா எங்கே? இருபத்தேழுக்குள்ளேயே பையனின் இரண்டு அடங்கிவிட்டது; முதலாளியிடம் இருபத்தைந்து இருக்கின்றது. காணாமற் போன ரூபா எதுவுமில்லை. இக்கதையை நாம் கேட்ட எல்லா வடிவங்களிலும் முதலாளி நேர்மையானவர், பையன் திருடன் என்பதைப் போகிற போக்கிற் குறித்து வைப்போம்.

நொடி பொருளை மறைத்தது, உறவுகளை மறைக்கவில்லை. யார் யாரைக் கேட்கிறார் என்பது முற்றத்தில் வெளிப்படையாகவே இருந்தது. கணக்குப் புதிரோ பொருட்களை வெளிப்படையாக அடுக்கிவிட்டு, அவற்றின் பின்னுள்ள உறவைக் கொடுக்கப்பட்டதாகவே வைத்துக்கொள்கிறது. கொடுக்கப்பட்டதைக் கேள்விக்குட்படுத்துபவன் புதிருக்கு வெளியே தள்ளப்படுகிறான்.

நம் நாட்டில் இவ்வேறுபாடு ஏட்டுச் சர்ச்சை அன்று. கன்னங்கராவின் கல்விச் சீர்திருத்தங்களோடு 1940களில் மத்திய பாடசாலைகள் தோன்றியபோது, கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்கு அவற்றின் வாயிலைத் திறப்பதற்கென்று புலமைப்பரிசில்கள் வந்தன. இன்று ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை என்று வழங்குவதற்கு, பத்து வயதுக்கு முன்னரே பிள்ளைகள் மாலையும் வார இறுதியும் தனியார் வகுப்புகளில் இருத்தி வைக்கப்படுகின்றனர். அங்கே அவர்கள் பயிலும் நுண்ணறிவு வினாக்கள் யாவை? எண்தொடரை நிரப்புக, கூட்டத்திற் சேராததைக் கண்டுபிடி, எழுத்துகளை மாற்றிச் சொல்லாக்கு. பிசியும் நொடியும் ஓந்திக் கணக்கும்தான் இவ்வுருவத்தில் வந்து நிற்கின்றன. முற்றத்திலே தோற்றவனுக்கு விடை கிடைத்தது; இங்கே தோற்றவனுக்கு வெட்டுப்புள்ளி கிடைக்கின்றது. விடையைப் பகிர்ந்துகொள்வது அங்கே விளையாட்டின் விதி, இங்கே குற்றம். வகுப்புக்குக் கட்டணம் செலுத்த இயன்றவரின் பிள்ளையிடம் தந்திரங்களின் பட்டியல் இருக்கின்றது. மலையகத்து லயத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வரும் பிள்ளையிடம் பெரும்பாலும் தன் கண்ணும் கையும் மாத்திரமே இருக்கின்றன.

நமக்குத் தெரிந்த சிறுமியொருத்தி பயிற்சித்தாள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். 2, 4, 8, அடுத்து வருவது எது என்பது வினா. அவள் 14 என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அதனை வெட்டி 16 என்று திருத்தியிருந்தனர். ஏன் பதினான்கு என்று கேட்டோம். "முதலிலே இரண்டு கூடினது, பிறகு நாலு கூடினது, இனி ஆறு கூடவேணும்தானே?" என்றாள். பக்கத்திலே பாக்கு வெட்டிக்கொண்டிருந்த அவளுடைய அம்மம்மா, இரட்டிக்கவும் தெரியாதவர், அவள் சொன்னதை விரல் மடக்கிச் சரிபார்த்துவிட்டு, "சரியாத்தான் சொல்லுறாள், பிறகேன் வெட்டினவையள்?" என்று நம்மைக் கேட்டார்.